எழுத்தாளருக்கு ஒரு நீரூற்று: ஸ்ட்ராட்ஃபோர்டும் கோயமுத்தூரும்

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு மேலே ஆன ஆன்சைட் படங்கள். பர்மிங்காம் பக்கத்தில் வேலை, சனி ஞாயிறு ஆனா ஊர் சுற்றல். அதில் ஒரு படம், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுத்தது. நான் ஜெர்க்கினைப் போட்டுக்கிட்டு பல்லைக் காட்டி நிற்கிறேன். பின்னாடி கூம்பு கூம்பாக ஒரு கல் கோபுரம், அதில் ஒரு கடிகாரம். அன்றைக்கு அதை மணிக்கூண்டு என்று நினைத்துத்தான் படம் எடுத்தேன். நம்ம ஊர் மணிக்கூண்டு ஞாபகம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

அது மணிக்கூண்டு மட்டும் இல்லை. அது ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு எழுத்தாளருக்காகச் சாலையோரத்தில் கட்டிய நினைவு நீரூற்று. அதைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், கடைசியில் எங்க வீட்டுக் குழாயில் வந்து நின்றேன். அந்தப் பாதையைத்தான் இந்தப் பதிவில் எழுதி வைக்கிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.இ. படித்து கோடு எழுதுகிறவன். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

மாட்டுச் சந்தையில் ஷேக்ஸ்பியர்

ஸ்ட்ராட்ஃபோர்டில் அந்த இடத்துக்குப் பெயர் ரோதர் தெரு. 'ரோதர்' என்பது கொம்புள்ள மாட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். அதாவது மாட்டுச் சந்தை கூடிய இடம். நம்ம பக்கம் சொல்வதானால், பொள்ளாச்சிச் சந்தைப் பேட்டைக்கு நடுவில் ஒரு கவிஞருக்கு நினைவுச் சின்னம் வைத்தது மாதிரி.

வைத்தவர் அந்த ஊர்க்காரர் இல்லை. ஜார்ஜ் சைல்ட்ஸ் என்ற அமெரிக்கர். பிலடெல்பியாவில் 'பப்ளிக் லெட்ஜர்' என்ற நாளிதழை நடத்தியவர். 1887-ல் விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம் ஆன பொன்விழா. அதையும் சேர்த்து, ஷேக்ஸ்பியர் பெயரில் அவர் ஊருக்கு இதைக் கட்டிக் கொடுத்தார். பர்மிங்காமைச் சேர்ந்த ஜெத்ரோ காசின்ஸ் வடிவமைத்தார். 1887 அக்டோபர் 17-ம் தேதி, அந்தக் காலத்துப் பெரிய நாடக நடிகர் ஹென்றி இர்விங் வந்து திறந்து வைத்தார். விழாவுக்காக அமெரிக்காவிலிருந்து ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கவிதை எழுதி அனுப்பினார். கோபுரத்தில் இங்கிலாந்துச் சிங்கமும் அமெரிக்கக் கழுகும் உட்கார்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது இந்த அலங்காரம் இல்லை. கீழே மனுஷருக்குக் குடிதண்ணீர், குதிரைகளும் ஆடுமாடுகளும் குடிக்கத் தொட்டிகள். மேலே சுவரில் ஷேக்ஸ்பியரின் 'டைமன் ஆஃப் ஏதென்ஸ்' நாடகத்திலிருந்து தண்ணீரைப் புகழும் ஒரு வரி. சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர் ஷேக்ஸ்பியரைப் படித்திருக்க வேண்டியதே இல்லை. தாகத்துக்குக் குடித்துவிட்டு, மாட்டுக்கும் காட்டிவிட்டுப் போகலாம். சிலைக்கு மாலை போடத்தான் முடியும், இதில் தண்ணி குடிக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. அதே ஊரில் 1879-ல் ஷேக்ஸ்பியர் நினைவு நாடக அரங்கம் வந்தது. அதற்கு முன்நின்றது ஃபிளவர் குடும்பம். அவர்கள் பீர் காய்ச்சுகிறவர்கள். ஆக, பீர் வியாபாரி நாடகக் கொட்டகை கட்டினார், பத்திரிகைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஏன் நீரூற்று?

ஒருத்தர் நினைவாக ஏன் குழாய் வைக்க வேண்டும்? சிலை போதாதா? இதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. 1854-ல் லண்டனில் காலரா. பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரே ஒரு அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், நோய் காற்றில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று வாதாடி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அதற்கப்புறம் உயிர்ப் பிரச்சினை. ஏழைகளுக்குப் பாதுகாப்பாகக் கிடைத்த பானம் பீர்தான், அதனால் மதுவிலக்குக்காரர்களும் தண்ணீருக்காகச் சேர்ந்துகொண்டார்கள். 1859-ல் லண்டனில் இலவசக் குடிநீர் நீரூற்றுகள் வைக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். அந்த வருஷமே ஹோல்போர்னில், ஒரு சர்ச் சுவரில் முதல் குழாய் வந்தது. பிறகு மாடு, குதிரைத் தொட்டிகளையும் அந்தச் சங்கம் தன் வேலையில் சேர்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் யாராவது பெரிய மனுஷன் செத்தால் நீரூற்று வைப்பது வழக்கமாச்சு. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கும் ஆடம்ஸ் நீரூற்று, 1881-ல் பதவியில் இருக்கும்போதே இறந்த சென்னை கவர்னர் ஆடம் நினைவாக வைத்தது. நாம எல்லாருமே சின்ன வயசில் அதுக்கு முன்னாடி நின்று போட்டோ எடுத்திருப்போம். யாருடைய நினைவு என்று எத்தனை பேர் கேட்டோம்?

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பழக்கம் என்று நினைச்சுடாதீங்க. நான் தினமும் வேலைக்குப் போகிற வழி ஹோப் காலேஜிலிருந்து திரும்பி விளாங்குறிச்சி ஐ.டி. பார்க் போகிற சாலை. அந்தச் சாலைக்குப் பேரே தண்ணீர்ப்பந்தல் ரோடு. கொங்கு நாட்டில் வழிநெடுக தண்ணீர்ப்பந்தலும், சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும், மாட்டுக்குத் தொட்டியும் இறந்தவர் நினைவாக வைத்தது உண்டு. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி வைப்பது இன்றும் கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். நினைவு என்றால் வழிப்போக்கனுக்கு ஒரு உபகாரம் என்பது நமக்குப் பழைய கணக்கு. நம்ம பந்தலில் எழுத்தாளர் மட்டும்தான் இல்லை.

வள்ளுவர் வரி இருந்த கிணறு

இல்லை என்று எழுதிவிட்டு யோசித்தேன். ஒன்று இருக்கிறது. சென்னையில்.

எஃப். டபிள்யூ. எல்லிஸ் என்ற பெயரைத் தமிழ் ஆர்வலர்கள் கேட்டிருப்பீங்க. சென்னைக் கலெக்டர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே, கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாடி, எழுதி வைத்தவர். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். எல்லிஸ் ஊரைச் சுற்றி 27 கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் வைத்த கல்வெட்டில் அந்த விவரம் தமிழ்ச் செய்யுளாகவே இருக்கிறது. அதன் நடுவில் ஒரு குறளையும் பொறித்து வைத்தார். 737-வது குறள், 'நாடு' அதிகாரம். ஒரு நாட்டுக்கு என்னென்ன உறுப்பு வேண்டும் என்று எண்ணும்போது வள்ளுவர் முதலில் நீரைச் சொல்கிற குறள். அடுத்த வருஷமே, 1819-ல், எல்லிஸ் ராமநாதபுரத்தில் இறந்து போனார்.

தேதியைக் கொஞ்சம் பாருங்க. பொதுமக்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒரு மொழியின் பெரிய எழுத்தாளருடைய வரியைச் செதுக்கி வைப்பது ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தது 1887. சென்னையில் நடந்தது 1818. அறுபத்தொன்பது வருஷம் முன்னாடி. அவர்களுடைய கோபுரத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் வந்து போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். ராயப்பேட்டை வழியாக எத்தனையோ தடவை போயிருக்கேன், அந்தக் கல்வெட்டை ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்கலை. அடுத்த தடவை கண்டிப்பா.

அதே 1887, நம்ம ஊரில்

இப்போ கோயமுத்தூருக்கு வருவோம். விக்டோரியா பொன்விழாவை நம்ம ஊரும் கொண்டாடியது. அதன் நினைவாக வந்ததுதான் டவுன்ஹால், 1892-ல் கட்டி முடித்த விக்டோரியா ஹால். மாநகராட்சிக் கூட்டம் இன்றைக்கும் அதில்தான் நடக்கிறது. அதைக் கட்ட வேண்டும் என்று முன்நின்று நிதி திரட்டியவர் ஒரு எழுத்தாளர், பத்திரிகைக்காரர். சே. ப. நரசிம்மலு நாயுடு. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு என்பது முழுப்பெயர்.

லண்டனில் ஜான் ஸ்னோ பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த அதே 1854-ல் பிறந்தவர். இருபது வயதுகளில் சேலத்தில் பத்திரிகை நடத்த ஆரம்பித்து, கோவைக்கு வந்து 'கோவைக் கலாநிதி'யை நடத்தினார். பிரம்ம சமாஜக்காரர். காங்கிரஸின் ஆரம்ப கால மாநாடுகளுக்குப் போனவர். சின்னதும் பெரிசுமாகத் தொண்ணூறு புத்தகங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார் என்று கணக்குச் சொல்கிறார்கள். வரலாறு, சமயம், பயணம் எல்லாம் உண்டு. வட இந்தியப் பயணம் பற்றிய 'ஆரிய திவ்விய தேச யாத்திரை சரித்திரம்' தமிழின் ஆரம்ப காலப் பயண நூல்களில் முக்கியமான ஒன்று.

பிலடெல்பியாவில் ஒரு பத்திரிகைக்காரர், கோவையில் ஒரு பத்திரிகைக்காரர். ஒரே ராணியின் ஒரே பொன்விழா. ஒருத்தர் நீரூற்று கட்டினார், இன்னொருத்தர் மண்டபம் கட்டினார். நாயுடு ஏன் நீரூற்று கட்டவில்லை?

இஞ்சினியரிங் படித்தவனுக்கு இதற்குப் பதில் சுலபம். கட்ட முடியாது. நீரூற்று என்பது கடைசி முனை. எங்க பாஷையில் சொன்னால் அது ஃபிரண்ட் எண்ட். பின்னாடி உயரமான இடத்தில் ஒரு நீர்த்தேக்கம், அங்கிருந்து குழாய், குழாயில் அழுத்தம், இதெல்லாம் இருந்தால்தான் முன்னாடி தண்ணீர் தானாக வழியும். பம்பாய்க்கு 1860-ல் விகார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. சென்னைக்கு 1872-ல் செங்குன்றத்திலிருந்து வந்தது. கோயமுத்தூர் 1866-லேயே முனிசிபாலிட்டி ஆன ஊர். ஆனால் 1887-ல் இங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. பேக் எண்ட் இல்லாத ஊரில் நீரூற்று வைத்தால் அது வெறும் கல்தூண்.

ஊரில் குளத்துக்குக் குறைவில்லை. நொய்யல் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து நிரப்பும் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் என்று வரிசையாக இருந்தன. அது வயலுக்கும் வாய்க்காலுக்குமான ஏற்பாடு. குடிக்கக் கிணறுதான். கோவைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எங்க வீடுகளில் இன்னும் இரண்டு குழாய் உண்டு, இரண்டு பேர் உண்டு. போர் தண்ணீர் 'உப்புத் தண்ணி'. சிறுவாணி 'நல்ல தண்ணி'. சுவிட்ச் மாற்றிப் போட்டால் அம்மாவிடம் திட்டு விழும். 1876-78 பெரும் பஞ்சத்தில் சேலம், கோவைப் பகுதிகள் கடுமையாக அடிபட்டன. அந்தப் பஞ்ச காலத்தில் இருபதுகளில் இருந்த ஒருத்தர் பத்திரிகை நடத்துகிறார் என்றால், தண்ணீர் அவர் மனசில் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

1889: மலைக்குப் போன பத்திரிகைக்காரர்

1889-ல் நாயுடு மேற்கே மலைக்குள் போனார். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவர எந்த ஊற்று சரிப்படும் என்று பார்க்கத்தான். வெள்ளியங்கிரி, போளுவாம்பட்டி மலைகளுக்கு அந்தப் பக்கம், முத்திக்குளம் பகுதியில் ஓடும் சிறுவாணியைத் தேர்ந்தெடுத்தார். திரும்பி வந்து அதைப் பற்றி எழுதினார், நகரசபையை நெருக்கினார்.

இங்கே ஒரு சொல்லைக் கவனமாகப் பயன்படுத்தணும். 'சிறுவாணியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள். ஒரு ஆற்றை யாரும் கண்டுபிடிப்பதில்லை. அந்த மலைகளில் இருளர், முதுகர் மக்கள் எத்தனையோ தலைமுறையாக அந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்கிறார்கள். அது பவானியில் போய்ச் சேரும் ஆறு, கீழே அட்டப்பாடியில் அதை நம்பியிருப்பவர்கள் உண்டு. நாயுடு கண்டுபிடித்தது ஆற்றை இல்லை. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு வழி இருக்க முடியும் என்பதை. அதை எழுத்தில் வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஓடை, அவர் எழுதினதுக்கு அப்புறம் முனிசிபாலிட்டி மேஜையில் ஒரு விவாதப் பொருளானது. எழுத்தாளனால் செய்ய முடிந்தது அதுதான். அது சின்ன வேலை இல்லை.

அவருக்கு இது எங்கிருந்து தோன்றியிருக்கும்? இது என் ஊகம் மட்டுமே: பயணம். குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட பெரிய நகரங்களைச் சுற்றிப் பார்த்தவர் அவர். மலைக்குப் போன அதே காலத்தில்தான் அந்தப் பயண நூலும் வருகிறது. ஆன்சைட் போய்ட்டு வந்தவன் இங்கே வந்து 'அங்கெல்லாம் எப்படி தெரியுமா' என்று ஆரம்பிப்பானே, அந்த வியாதி 19-ம் நூற்றாண்டிலும் இருந்திருக்கும். வித்தியாசம் என்னன்னா, நாங்க அலுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவோம். அவர் மலையேறினார்.

கணக்கும் அவர் பக்கம்தான் இருந்தது. கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். இன்றைய சிறுவாணி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் சுமார் 878 மீட்டர். நானூறு மீட்டருக்கு மேல் இறக்கம். மலையை மட்டும் ஒரு சுரங்கம் வெட்டித் தாண்டிவிட்டால், பம்பு வைத்து ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் தன் எடையிலேயே ஊருக்கு இறங்கி வரும். மின்சாரமே இல்லாத 1889-ல் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிங்க.

எல்லிஸ் கிணற்றில் வைத்த குறளை இதோடு சேர்த்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். அதில் நீருக்கு அடுத்து வருவது மலை. அதற்கடுத்து மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு.

நாற்பது வருஷம்

எழுதின உடனே தண்ணீர் வந்துடலை. சுரங்கம் வெட்டுவது, மலையிலிருந்து ஊர் வரை குழாய் பதிப்பது எல்லாம் சின்ன ஊர் ஒன்றின் கைக்கு மீறின செலவு. 1901 மக்கள்தொகைக் கணக்கில் கோயமுத்தூர் 53,080 பேர் இருந்த ஊர்தான். இதற்கு நடுவில் பிளேக் வந்தது. ஊரை விட்டு ஜனங்கள் வெளியே போய்க் குடிசை போட்டார்கள். இன்றும் கோவையில் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இருக்கின்றன. பிளேக்கைத் தண்ணீர் தீர்த்துவிடாது, அது எலி சமாச்சாரம். ஆனால் நெருக்கி அடைந்து கிடந்த பழைய ஊரின் சுகாதாரம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த அம்மன்கள் சாட்சி.

1922-ல் நரசிம்மலு நாயுடு இறந்தபோது சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்திருக்கவில்லை.

அவர் எழுதிய ஊற்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவர் வீட்டுக் குழாயில் அவர் பிடித்துக் குடிக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஸ்ட்ராட்ஃபோர்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றியது. அங்கே எழுத்தாளர் செத்து 271 வருஷம் கழித்து, அவர் பெயரில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். இங்கே எழுத்தாளர் செத்து பத்து வருஷத்துக்குள், அவர் கேட்ட தண்ணீர் வந்தது, அவர் பெயர் கூட வரவில்லை.

யார் பெயர் வந்தது? திட்டத்தை நடத்திக்காட்டிய நகரசபைத் தலைவர் சி. எஸ். ரத்தினசபாபதி முதலியார். ஆர். எஸ். புரம் என்பது அவர் பெயர்தான். இதில் நான் குறை சொல்ல மாட்டேன். பணம் புரட்டி, அனுமதி வாங்கி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை. ஐடியா கொடுத்தவனுக்கும் டெலிவர் பண்ணினவனுக்கும் நடுவில் யாருக்கு கிரெடிட் என்பது எங்க ஆபீசிலேயே தீராத சண்டை. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் பெயர் இரண்டு பக்கத்துக் கணக்கிலும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆறு இன்னொரு மாநிலத்துக்குப் போனது

அப்புறக் கதையைச் சுருக்கமாகச் சொல்றேன். நாயுடு மலையேறியபோது மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சென்னை மாகாணம். இங்கே கோவை ஜில்லா, அங்கே மலபார் ஜில்லா. 1956 நவம்பர் 1-ம் தேதி மலபார் கேரளாவுக்குப் போனது, ஊற்றும் அதோடு போனது. ஊருக்குத் தண்ணீர் வரும் வாய் வேறு மாநிலத்தில். 1973-ல் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டு, 1980-களின் நடுவில் பெரிய அணை வந்தது. இன்றும் கோடையில் அணையில் எவ்வளவு அடி, அங்கே எவ்வளவு திறக்கிறார்கள் என்பது கோவைப் பதிப்புச் செய்தித்தாள்களில் நிரந்தரச் செய்தி.

53,080 பேருக்கு யோசித்த ஒரு ஓடை, பத்து லட்சம் தாண்டிய ஊருக்குப் போதாது என்பதும் உண்மை. பவானியில் பில்லூரிலிருந்து வேறு திட்டங்கள் வந்து சேர்ந்தன. நல்ல தண்ணி என்று நாம் குடிப்பது எல்லாமே இப்போது சிறுவாணி இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு பில்லூர்த் தண்ணீர்தான். ஆனாலும் பெயர் மட்டும் சிறுவாணி என்றே நிற்கிறது. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். யார் அளந்தாங்க, முதல் இடம் எதுக்கு என்று கேட்டால், 'நைல் நதிக்கு' என்று பதில் வரும். ஒரு ஊர் தன் தண்ணீரைப் பற்றிக் கதை கட்டுகிறது என்றால் அதன்மேல் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கதை கட்டத் தெரிந்த ஊருக்கு, அந்தக் கதையை ஆரம்பித்தவர் பெயர் ஞாபகம் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆபீஸ் கேன்டீனில் ஒரு நாள் எட்டுப் பேரிடம் கேட்டேன். எல்லாரும் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள். சிறுவாணி எல்லாருக்கும் தெரியும். நரசிம்மலு நாயுடு ஒருத்தருக்கும் தெரியலை. அவங்களைச் சொல்லி என்ன, நாற்பது வயசு வரை எனக்கே தெரியாது. அந்தத் தண்ணியில்தான் பால் புட்டி கழுவி என்னை வளர்த்தாங்க.

சிலை வையுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு மாதிரி, குடிக்கிற தண்ணீரோடு அவர் பெயர் இருந்தால் போதும். டவுன்ஹால் அவர் எழுப்பின கட்டடம். அதற்கு வெளியே தெருவில் நாள் முழுக்க ஜனம். பூ விற்கிறவங்க, ஜவுளிக்கு வந்தவங்க, பஸ்ஸுக்கு நிற்கிறவங்க. அந்த வாசலில் ஒரு குழாய், நல்ல தண்ணி வருகிற குழாய், பக்கத்தில் ஒரு சின்னக் கல்லில் 1889 என்ற வருஷமும் அவர் பெயரும். 1887-ல் கட்ட முடியாமல் போன நீரூற்றை இப்போது கட்டலாம். பேக் எண்ட் வந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எண்பதுகளில் தெருக்குழாயில் விடிகாலை மூணு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கல்லைக் காவல் வைத்துவிட்டு வந்து படுத்தவர் அவர். எங்க தெருவில் இப்போ நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவரும் அவரே. முழுக்கக் கேட்டுவிட்டு,

"ஏங்கண்ணு, அவரு பேப்பர்ல எழுதித்தான் தண்ணி வந்துச்சா?" என்றார்.

"ஆமாம்மா. ஆனா எழுதி நாப்பது வருஷம் ஆச்சு வர்றதுக்கு."

"ஆகட்டும். நீயும் இப்பவே எழுதி வை. நம்ம தெருவுக்கு இன்னைக்கோட எட்டு நாளாச்சு."

எழுதிவிட்டேன்.